இரவில் சுகர் இறங்கும் குழந்தைக்கு எந்த இன்சுலின்?

டைப் 1 சர்க்கரை நோய் உள்ள என் மகளுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு மாதம் முழுக்க இரவு இரண்டரை மணிக்கு எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. தலையணை நனைந்திருக்கும். கழுத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். மீட்டரில் 52, 48, 61 என்று வரும். அரைத் தூக்கத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டு விடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "வேற நல்ல இன்சுலினுக்கு மாத்திடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "எத்தனை மணிக்கு லோ ஆகுதுன்னு நாலு நாள் எழுதிட்டு வாங்கம்மா, அப்புறம் மாத்தலாம்" என்றார் அவர். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று வேறு பெற்றோர் என்னிடம் கேட்டால் நானும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எந்த இன்சுலின் சுகரை இறக்குகிறது என்பதைக் கடிகாரமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். படுத்த சற்று நேரத்தில், பத்து பதினொரு மணிக்கே இறங்கினால் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் போட்ட ஊசிதான் காரணம். நான்கு இட்லிக்குக் கணக்கிட்டுப் போட்டிருப்போம், குழந்தை இரண்டோடு எழுந்திருக்கும். இல்லையென்றால், படுக்கும்போது 260 இருக்கிறதே என்று பயந்து கூடுதலாக இரண்டு யூனிட் போட்டிருப்போம். இந்த வகை லோவுக்கு நீண்டநேர இன்சுலினை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது. மாலையில் ஓடியாடி விளையாடிய நாட்களில் மட்டும் நடுநிசியில் இறங்குகிறதா? விளையாட்டில் களைத்த தசை பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களுக்கு அளவைக் குறைப்பதும் படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலும்தான் வழி. விளையாடாத நாளிலும், சாப்பாடு சரியாக இருந்த நாளிலும் இறங்கினால்தான் நீண்டநேர இன்சுலின் மீது சந்தேகம் வர வேண்டும்.

இதை உறுதிப்படுத்த மூன்று நான்கு இரவுகள் தூக்கத்தை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சீக்கிரம் சாப்பிட வைத்து, படுக்கும்போதும், பன்னிரண்டுக்கும், மூன்றுக்கும், எழுந்ததும் பார்த்து எழுதுங்கள். கையில் ஒட்டும் சென்சார் இருந்தால் வேலை எளிது. சாப்பாட்டு ஊசியின் வேகம் அடங்கிய பிறகும் விடிவதற்குள் 30-க்கு மேல் இறங்கிக்கொண்டே போனால், நீண்டநேர இன்சுலின் அளவு கூடுதலாக இருக்கிறது, அல்லது அதன் உச்சம் தவறான நேரத்தில் வருகிறது என்று பொருள்.

உச்சம் என்றதும் முதலில் சொல்ல வேண்டியது என்பிஹெச். இன்சுலாடார்ட் போன்ற பெயர்களில் வரும், பால் போலக் கலங்கிய இன்சுலின் அது. டென்மார்க்கின் ஹாகெடார்ன் ஆய்வகத்தில் 1946-இல் உருவானது. இதை நீண்டநேர இன்சுலின் என்று சொல்வது வழக்கமானாலும் உண்மையில் இது நடுத்தர நேரம் வேலை செய்வது. போட்ட நான்கு முதல் எட்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கிவிடும். இரவு ஏழரைக்குப் போட்டால் அந்த உச்சம் பதினொன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவே, குழந்தை எதுவும் சாப்பிடாமல் தூங்கும் நேரத்தில் வந்து நிற்கும். என் மகளின் இரண்டரை மணிக்கு விடை இதுதான். மிக்ஸ்டார்ட் 30 போன்ற கலவைகளிலும் எழுபது பங்கு இதே என்பிஹெச் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உள்ளங்கைகளுக்கு நடுவே நன்றாக உருட்டிக் கலக்காமல் எடுத்தால் ஒரே பத்து யூனிட் ஒருநாள் ஒருவிதமாக, மறுநாள் வேறுவிதமாக வேலை செய்யும். ஆனால் விலை குறைவு, சிறிய ஊர்க் கடையிலும் கிடைக்கும். என்பிஹெச்சை விட முடியாத குடும்பம், இரவுப் பங்கைச் சாப்பாட்டோடு போடாமல் படுக்கும் நேரத்துக்குத் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்கட்டும். உச்சம் விடியற்காலைக்குத் தள்ளிப்போகும்.

அடுத்தது கிளார்ஜின். லான்டஸ் என்ற பெயரில் வந்தது. இந்தியாவில் பேசலாக், கிளாரிடஸ் என்ற பெயர்களிலும் கிடைக்கிறது. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். தோலுக்கடியில் போனதும் படிந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, கிட்டத்தட்ட ஒரு நாள் வேலை செய்யும். பெரிய உச்சம் இல்லை. என்பிஹெச்சில் இரவு லோ வரும் குழந்தைக்கு மாற்றம் நன்றாகத் தெரிவது இந்த ஒரு படியில்தான் என்பது என் எண்ணம். கைச்செலவு இதற்கு மட்டும்தான் தாங்கும் என்றால் தயங்காமல் இதோடு நிற்கலாம். குறைகளும் உண்டு. அமிலத்தன்மை இருப்பதால் போடும் இடத்தில் எரியும், சின்னக் குழந்தைகள் அழுவார்கள். வேறு எந்த இன்சுலினோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. ஒல்லியான குழந்தைக்கு ஊசி தசைக்குள் இறங்கிவிட்டால் வேகமாக உறிஞ்சப்பட்டு எதிர்பாராத லோ வரும். இதற்கு 4 மில்லிமீட்டர் ஊசியே போதும்.

கிளார்ஜினிலேயே இருந்துகொண்டு இரவில் லோ ஆகும் குழந்தைகளின் பெற்றோர்தான் அடுத்த பெயரைத் தேடி அலைகிறார்கள். அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். அளவைச் சற்றுக் குறைத்துப் பார்த்தாயிற்றா? இரவில் போடுவதைக் காலைக்கு மாற்றிப் பார்த்தாயிற்றா? ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோல் கெட்டியாகி, கட்டி போல ஆகியிருக்கிறதா? அந்தக் கட்டியில் போட்ட ஊசி எப்போது, எவ்வளவு வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் லோ நிற்கவில்லை என்றால் டெக்லுடெக் பற்றிப் பேசலாம். ட்ரெசிபா என்ற பெயரில் வருவது. 42 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும், நாளுக்கு நாள் வித்தியாசம் குறைவு. அமெரிக்காவில் 2016 முதல் ஒரு வயதுக் குழந்தைக்கும் அனுமதி உண்டு. பெரியவர்களிடம் நடந்த ஆய்வில் கிளார்ஜினைவிட இரவு லோ தெளிவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளிடம் டெடமிர் என்ற இன்னொரு நீண்டநேர இன்சுலினோடு ஒப்பிட்ட ஆய்வில் லோக்களின் எண்ணிக்கையில் அப்படி வித்தியாசம் வரவில்லை. சுகர் மிக ஏறிக் கீட்டோன் வருவதுதான் அங்கே குறைந்தது. ஆகவே இதற்கு மாறினால் லோவே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்றும் உண்டு. இன்று கூட்டிய அளவின் முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாட்கள் ஆகும், கூடிவிட்டால் இறங்கவும் அதே அளவு நாட்கள் ஆகும். நாளைக்கு ஸ்போர்ட்ஸ் டே என்று இன்று இரவு குறைத்துப் பயனில்லை. வாந்தி, பேதி வந்த நாளிலும் உள்ளே இருப்பது வேலை செய்துகொண்டேதான் இருக்கும். தினமும் ஒரே மாதிரி ஓடும் வீட்டுக்கு இது பொருந்தும், வாரம் நான்கு நாள் கபடிப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைக்கு நான் யோசிப்பேன்.

டூஜியோ என்பது மூன்று மடங்கு அடர்த்தியான கிளார்ஜின். ஆறு வயதுக்கு மேல் போடலாம். இன்னும் சமமாக வேலை செய்யும், ஆனால் பெரும்பாலும் சில யூனிட் கூடுதலாகத் தேவைப்படும். அந்தப் பேனாவில் அரை யூனிட் வைக்க முடியாது. ஆறு ஏழு யூனிட் போடும் குழந்தைக்கு அரை யூனிட்டும் பெரிய வித்தியாசம். அவசரத்தில்கூட அந்தப் பேனாவிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சாதீர்கள், மூன்று மடங்கு உள்ளே போய்விடும். டெடமிரை அதன் நிறுவனமே சந்தையிலிருந்து விலக்கி வருவதால், புதிதாக அதற்கு மாறுவதில் அர்த்தமில்லை.

மாற்றுவது என்று முடிவானால் டாக்டரிடம் அளவை எழுதியே வாங்குங்கள். இரண்டு வேளை என்பிஹெச்சிலிருந்து கிளார்ஜினுக்குப் போகும்போதும், குழந்தையை டெக்லுடெக்குக்கு மாற்றும்போதும், பழைய மொத்த அளவில் 80 சதவீதத்தில் தொடங்குவது மருந்துக் குறிப்பில் உள்ள வழக்கம். டூஜியோவிலிருந்து சாதாரண கிளார்ஜினுக்குத் திரும்பும்போதும் அப்படித்தான். பழைய எண்ணையே யாராவது எழுதிக்கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

சிரிஞ்சையும் பாருங்கள். நம் ஊரில் 40 யூனிட் குப்பியும் 100 யூனிட் குப்பியும் இரண்டுமே புழங்குகின்றன. என்பிஹெச் பெரும்பாலும் 40, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். கிளார்ஜின் குப்பி 100, அதற்கு ஆரஞ்சு மூடி. பழைய பழக்கத்தில் சிவப்பு மூடியால் 100-ஐ எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். மாற்றும் அன்றே பழைய சிரிஞ்சுகளை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.

முதல் வாரம் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் அலாரம் வையுங்கள், அம்மாவும் அப்பாவும் முறை போட்டுக்கொள்ளுங்கள். கட்டில் அருகே மீட்டர், குளுக்கோஸ் பொடி, ஒரு ஸ்பூன், தண்ணீர் இருக்கட்டும். 70-க்குக் கீழே போனால், முப்பது கிலோ குழந்தைக்குச் சுமார் 10 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாமல் இருந்தாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டுவிட்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.