ஐந்து முகமும் தெளிய: ஜன்னல் வெளிச்சத்தில் குடும்பப் படம்

கேள்வி: என்னிடம் கிராப் சென்சார் கேமராவும் 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸும் இருக்கின்றன. கூடத்து ஜன்னல் வெளிச்சத்தில் மாமனார், மாமியார், கணவர், இரண்டு குழந்தைகள் என ஐந்து பேரையும் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். மாமியார் மடியிலிருந்த சின்னவள் முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. மாமியார் முகம் கலங்கலாக இருக்கிறது. நாற்காலிக்குப் பின்னால் நின்ற கணவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்போனில் எடுத்தால் எல்லோரும் தெளிவாக விழுகிறார்களே! லென்ஸில் கோளாறா? ஜன்னல் வெளிச்சத்தை விட்டுவிடாமல் ஐந்து பேரையும் தெளிவாக எடுக்க வழி உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: லென்ஸில் கோளாறு இல்லை. சின்னவள் முகம் தெளிவாக இருக்கிறது என்பதே அதற்குச் சாட்சி. கை ஆடியிருந்தால் எல்லா முகமும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். இங்கே தெளிவு ஓரிடத்தில் விழுந்து, அதற்குப் பின்னால் தீர்ந்துபோயிருக்கிறது. எஃப் 1.8 தந்த ஆழம் அவ்வளவுதான்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் கேமராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8இல் வைத்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பவரை ஃபோகஸ் செய்தால், தெளிவாகத் தெரியும் பகுதி மொத்தம் சுமார் 26 செ.மீ. தான். ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னால் 12, பின்னால் 14. மொத்தமே ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மடியில் இருக்கும் குழந்தையின் முகத்துக்கும் பாட்டியின் முகத்துக்கும் இடையிலேயே அதைவிட அதிக தூரம் இருக்கும். பின்வரிசை எப்படித் தெளியும்?

அதற்காக உடனே அபெர்ச்சரைத் திருக வேண்டாம். முதலில் நாற்காலிகளைத் திருத்துங்கள். குடும்பப் படத்தில் தெளிவின் பாதி, ஆட்களை உட்காரவைப்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

முகங்களை நெருக்குங்கள்

ஃபோகஸ் என்பது கேமராவுக்கு நேரெதிரே, சென்சாருக்கு இணையாக நிற்கும் ஒரு தளம். முகங்கள் அந்தத் தளத்தை ஒட்டி வர வேண்டும். உடம்பு எங்கே இருந்தாலும் பரவாயில்லை. சின்னவளை மடியில் முன்தள்ளி உட்காரவைக்காமல், பாட்டியின் தோளில் சாய்ந்தபடி கன்னத்தோடு கன்னம் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கணவரை நாற்காலியின் முதுகில் இரு கைகளையும் ஊன்றிச் சற்று முன்னால் குனியச் சொல்லுங்கள். இந்த இரண்டு மாற்றத்திலேயே முகங்களுக்கு இடையிலான தூரம் ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். பார்ப்பதற்கும் அது நெருக்கமான குடும்பமாகத் தெரியும்.

கேமராவை உட்கார்ந்திருப்பவர்களின் கண்மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள். நின்றபடி கீழ்நோக்கி எடுத்தால் ஃபோகஸ் தளமும் சாய்ந்துவிடும். அதன் மேல்பகுதி பின்வரிசைப் பக்கம் போகும். பின்னால் நிற்பவரின் தலை அதற்கு இன்னும் நெருக்கமாக வரும்.

வெளிச்சமும் வரிசையும்

ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஜன்னல் உங்களுக்கு இடப்பக்கம் இருக்க, குடும்பம் உங்களைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தால், ஜன்னலோரம் இருப்பவர் வெளுத்துப்போவார். கடைசியில் இருப்பவர் இருண்டுபோவார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் நின்றுகொண்டால் எல்லோருக்கும் சமமான வெளிச்சம் கிடைக்கும். ஆனால் முகத்தில் நிழலே விழாமல் படம் தட்டையாகிவிடும்.

இரண்டுக்கும் நடுவில்தான் நல்ல இடம் இருக்கிறது. வரிசையை ஜன்னல் பக்கம் சாய்வாகத் திருப்புங்கள். இங்கேதான் பலரும் தவறவிடுகிறார்கள்: வரிசையைத் திருப்பிவிட்டு, தாங்கள் நின்ற இடத்திலேயே நின்று எடுக்கிறார்கள். ஒருவர் முகம் கேமராவுக்கு அருகிலும் மற்றவர் முகம் தள்ளியும் போய்விடுகிறது. வரிசை எவ்வளவு திரும்புகிறதோ, அவ்வளவு நீங்களும் நகர வேண்டும். தரையில் ஒரு பாயை விரித்து, அதன் நீள விளிம்பில் நாற்காலிகளின் முன்கால்களை வைத்துவிடுங்கள். அந்த விளிம்பின் நடுவுக்கு நேரெதிரே நீங்கள் இருந்தால் போதும், தளம் சரியாக இருக்கும்.

குடும்பத்தை ஜன்னலை ஒட்டி உட்காரவைக்காமல் ஒரு மீட்டர் உள்ளே தள்ளினால், இரு ஓரங்களுக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசம் நன்றாகக் குறையும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள், நிழல் இளகும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம் என்றாகும்.

எந்த ஜன்னல்? வடக்கு ஜன்னல் என்றால் நேர் வெயில் வராது, மென்மையான வெளிச்சம் வரும் என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்கின்றன. அங்கே அது சரி. நமக்கு ஆண்டு முழுவதும் அது பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் சூரியன் நாள் முழுவதும் வானத்தின் வடபுறத்திலேயே செல்கிறது. அந்த மாதங்களில் மென்மையான வெளிச்சம் தெற்கு ஜன்னலில்தான் கிடைக்கும். மார்கழி, தை மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குப் போங்கள்.

இப்போது அபெர்ச்சர்

முகங்கள் நெருங்கிவிட்டன. இனி எண்களுக்கு வரலாம். அதே லென்ஸ், அதே மூன்று மீட்டர்:

எஃப் 1.8 – மொத்த ஆழம் சுமார் 26 செ.மீ.
எஃப் 4 – சுமார் 58 செ.மீ.
எஃப் 5.6 – சுமார் 82 செ.மீ.

ஒரே வரிசையாக உட்கார்ந்தால் எஃப் 4 போதும். உங்களைப் போல இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6. சாதாரண அளவுப் பிரின்ட்டைக் கையில் வைத்துப் பார்ப்பதற்கான கணக்கு இது. சுவரில் மாட்டப் பெரிதாகப் போடுவதாக இருந்தால் எஃப் 8 வரை போகலாம். கூடத்தில் இடமிருந்தால் ஓரடி பின்னால் போய், பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்வதும் ஆழத்தைக் கூட்டும்.

1.8இலிருந்து 5.6க்குப் போனால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். அதை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். ஷட்டரைக் குறைக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் படத்துக்கு விநாடியில் 200இல் ஒரு பங்குக்குக் கீழே போகக் கூடாது. ஐ.எஸ்.ஓ.வைத்தான் ஏற்ற வேண்டும். எஃப் 1.8, 125இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. 400 என்று எடுத்த அதே வெளிச்சத்தில், எஃப் 5.6, 200இல் ஒரு பங்கு என்றால் ஐ.எஸ்.ஓ. 6400 வரும். அந்த எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். திரைச்சீலையை விலக்கி, ஜன்னல் கதவுகளை முழுக்கத் திறந்தால் அதுவும் பாதியாகக் குறையலாம். ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளிகள் வரும். மென்பொருளில் அவற்றைக் குறைத்துவிடலாம், பிரின்ட்டில் பெரிதாகத் தெரியவும் தெரியாது. ஃபோகஸ் தவறிய கண்ணை எந்த மென்பொருளும் உண்மையாகத் திருப்பித் தராது.

புள்ளியை எங்கே வைப்பது?

எல்லா ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் விருப்பத்துக்கு விட்டால், பெரும்பாலும் அருகில் இருப்பதையும் பளிச்சென்ற கோடுகள் உள்ளதையும் பிடித்துக்கொள்ளும். பட்டுப்புடவையின் ஜரிகைக் கரையோ, நீட்டிய குழந்தையின் கையோ தெளிவாக விழுந்து முகம் மங்கிப்போவது இதனால்தான். ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அதை நீங்களே நகர்த்தி, முன்வரிசையில் இருப்பவரின் கண்ணில் வையுங்கள். கண்ணைத் தானே தேடும் மிரர்லெஸ் கேமராவாக இருந்தாலும், ஐந்து முகத்தில் எது என்பதை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இந்தத் தூரத்தில் அது பொருந்தாது. ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான். எஃப் 5.6இல் முன்வரிசைக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் சுமார் 47 செ.மீ., அதாவது ஒரு முழம் கிடைக்கும். முன்னால் கிடைக்கும் 35 செ.மீ. வீண். அதனால் பின்வரிசை ஒரு முழத்துக்குள் வந்தாக வேண்டும். நாற்காலியில் ஊன்றிக் குனியச் சொன்னதன் காரணம் இதுதான். அப்படியும் பின்வரிசை சற்று மங்கினால், முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னால் ஃபோகஸ் விழுமாறு நடுவில் இருப்பவரின் கண்ணைப் பிடியுங்கள்.

ஒரு படம் எடுத்ததும் திரையில் நன்றாகப் பெரிதாக்கி, ஐந்து பேரின் கண்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லோரும் எழுந்து போன பிறகு பார்த்துப் பயனில்லை.

செல்போன் ஏன் தெளிவாக எடுக்கிறது?

அதன் சென்சார் மிகச் சிறியது. லென்ஸின் குவியத் தூரம் ஒற்றை இலக்க எம்.எம். தான். அதனால் ஆழம் தானாகவே அதிகம். போர்ட்ரெய்ட் மோடில் வரும் மங்கல் லென்ஸ் தருவதல்ல, கணக்குப் போட்டுப் பூசுவது. மாமியார் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரம் பின்னணியோடு கரைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள்.

அப்படியானால் எஃப் 1.8 எதற்கு?

ஒரே முகத்துக்கு. கண் தெளிந்து, காது மெல்லக் கரையும் அழகு அதில்தான் உண்டு. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1863இல், தம் 48ஆம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு தொடங்கி, கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு ஒன்றை ஸ்டுடியோவாக்கி அப்படிப்பட்ட முகங்களை எடுத்தார். ஃபோகஸ் சரியில்லை என்று அக்காலத்து விமர்சகர்கள் குறைகூறினார்கள்; அவர் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879இல் மறைந்தார். மலையகத்தின் பொகவந்தலாவையில் அவர் கல்லறை இருக்கிறது. மென்மை அவர் தெரிந்தே தேர்ந்தெடுத்தது. நீங்களும் மாமியாரைத் தனியே ஜன்னலோரம் உட்காரவைத்து எஃப் 1.8இல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

ஆனால் குடும்பப் படத்தில் மங்கலாக விழுபவர் பெரும்பாலும் பின்னால் நிற்பவரும் வயதானவரும்தான். பின்னணி மங்குவதற்காக ஒருவர் முகத்தை இழக்காதீர்கள். முதலில் உட்காரவைப்பது, பிறகு அபெர்ச்சர், அதன்பின் ஐ.எஸ்.ஓ. என்ற வரிசையிலேயே போங்கள். ஐந்து பேர் கண்ணும் தெளிந்த படம் கிடைத்ததும் அதைக் கணினியிலேயே விட்டுவிடாமல் பிரின்ட் போட்டு, மாமனார் மாமியார் கையில் கொடுங்கள்.