கம்பைலர் பார்க்காத மேற்கோள்குறி

மாணவர்களே, பினாங்கின் மழை அளவைக் கணக்கிடும் ஒரு சிறு நிரலை சி மொழியில் எழுதி, ‘மழை அளவு.சி’ என்ற பெயரில் சேமித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பைல் செய்ய இப்படித் தட்டச்சு செய்கிறீர்கள்:

ஜிசிசி மழை அளவு.சி -ஓ சோதனை

(அச்சு வசதிக்காகக் கட்டளைகளையும் மாறிப் பெயர்களையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். கோப்பின் பெயரில் புள்ளிக்கு முன் உள்ள பகுதி மட்டும் தமிழிலேயே இருக்கலாம். இன்றைய கணினிகள் அதை ஏற்கும்.)

உடனே இரண்டு பிழைச்செய்திகள் வரும். ‘மழை’ என்று ஒரு கோப்பு இல்லை, ‘அளவு.சி’ என்று ஒரு கோப்பு இல்லை. கோப்பு கண்முன்னே இருக்கிறது, கணினியோ இல்லை என்கிறது. பலர் இந்த இடத்தில் நிரலைத் திறந்து அரைப்புள்ளியைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அது வீண் வேலை. செய்தியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நீங்கள் கொடுத்தது ஒரு கோப்பு, புகார் வந்ததோ இரண்டு பெயர்களைப் பற்றி. அப்படியானால் நடுவில் யாரோ உங்கள் வரியை வெட்டியிருக்கிறார்கள்.

அந்த வெட்டுக்காரர்தான் ஷெல். நீங்கள் தட்டும் வரி நேராகக் கம்பைலருக்குப் போவதில்லை. ஷெல் என்ற நிரல் அதை முதலில் வாங்கி, இடைவெளி உள்ள இடங்களில் நறுக்கி, துண்டுகளை ஒரு பட்டியலாக்கி, அந்தப் பட்டியலைத்தான் கம்பைலரிடம் கொடுக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஓர் ஆர்குமென்ட். யூனிக்ஸ் இயங்குதளத்திற்கு 1971இல் கென் தாம்சன் எழுதிய முதல் ஷெல்லும் இடைவெளியில்தான் வெட்டியது. 1979இல் ஸ்டீபன் போர்னின் ஷெல் வெளிவந்தது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்தும் பாஷ் அதன் வழிவந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘பலகைவேலை’ என்று சேர்த்து எழுதினால் எப்படிப் பிரிப்பது? ‘பலகை வேலை’ என்றால் தச்சரின் தொழில். ‘பல கை வேலை’ என்றால் பலர் சேர்ந்து செய்தது. நாம் பொருளைப் பார்த்துப் பதம் பிரிக்கிறோம். ஷெல்லுக்குப் பொருள் தெரியாது. இடைவெளி கண்ட இடத்தில் கத்தியை வைக்கும்.

‘இங்கே வெட்டாதே’ என்று ஷெல்லிடம் சொல்லும் அடையாளம்தான் மேற்கோள்குறி:

ஜிசிசி "மழை அளவு.சி" -ஓ சோதனை

இப்போது சரி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டி முடித்ததும் ஷெல் அந்த மேற்கோள்குறியை நீக்கிவிடுகிறது. கம்பைலர் கைக்குப் போவது மழை அளவு.சி என்ற ஒரே துண்டு மட்டுமே. மேற்கோள்குறியை அது பார்ப்பதே இல்லை. இன்றைய பாடத்தில் மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு மேற்கோள்குறிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐட்யூன்ஸ் 2 மென்பொருளை வெளியிட்டது. அதை நிறுவும் ஸ்கிரிப்ட்டில், பழைய பதிப்பை அழிக்கும் ஒரு வரி இருந்தது. வட்டின் பாதையைத் தாங்கிய மாறியைச் சுற்றி அந்த வரியில் மேற்கோள்குறி இல்லை. ஒருவரிடம் ‘பாடல்’ என்று ஒரு வட்டும் ‘பாடல் 2’ என்று இன்னொன்றும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் அழிக்க நினைத்தது ‘பாடல் 2’ வட்டில் உள்ள ஒரே ஒரு மென்பொருளை. ஷெல் இடைவெளியில் வெட்டியதால் முதல் துண்டு ‘பாடல்’ என்று நின்றுவிட்டது. அழிக்கும் கட்டளை அந்த வட்டு முழுவதையும் துடைத்துவிடும். இப்படிப் பலர் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். ஆப்பிள் அவசரமாக 2.0.1 பதிப்பை வெளியிட்டது.

2011இல் லினக்ஸுக்கான பம்பிள்பீ என்ற மென்பொருளிலும் இதே கதை. அதன் நிறுவல் ஸ்கிரிப்ட்டில், ஒரு நீண்ட பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்திருந்தது. விளைவு, இயங்குதளத்தின் பெரும்பகுதி இருக்கும் ‘/யூஎஸ்ஆர்’ கோப்புறையே அழிந்தது. கம்பைலர் புகார் சொல்லும். அழிக்கும் கட்டளையோ கேள்வி கேட்காமல் செய்துவிடும்.

ஐட்யூன்ஸ் வழக்கில் சிக்கல் மாறியில் இருந்தது என்று சொன்னேன். பில்ட் ஸ்கிரிப்ட் எழுதும்போது மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் அதுதான்:

கோப்பு="மழை அளவு.சி"
ஜிசிசி $கோப்பு

முதல் வரியில்தான் மேற்கோள்குறி போட்டாயிற்றே என்று தோன்றும். அது அந்த வரியோடு போய்விட்டது. இரண்டாம் வரியில் ஷெல் முதலில் மாறியின் மதிப்பை இடுகிறது. அதன்பின் அந்த மதிப்பையும் இடைவெளியில் வெட்டுகிறது. எனவே "$கோப்பு" என்று பயன்படுத்தும் இடத்திலும் இரட்டை மேற்கோள்குறி வேண்டும். ஒற்றை மேற்கோள்குறி இங்கே உதவாது. அதற்குள் இருக்கும் டாலர் குறிக்குச் சிறப்புப் பொருள் கிடையாது; ஷெல் எழுத்துக்கு எழுத்து அப்படியே விட்டுவிடும்.

மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019இலிருந்து அதில் இயல்பாக வரும் ஷெல் வேறு. அது மாறியின் மதிப்பை இப்படி வெட்டுவதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஓடிய வரி, பள்ளியின் லினக்ஸ் கணினியில் ஓடாமல் போகலாம். விண்டோஸின் கட்டளைச் சாளரமோ ஒற்றை மேற்கோள்குறியை மேற்கோளாகவே எண்ணாது.

அடுத்தது கொஞ்சம் கடினம், பொறுமையாகப் படியுங்கள். நம் ஊரின் பெயரை நிரலுக்குள் எழுதாமல், கம்பைல் செய்யும்போது வெளியிலிருந்து கொடுக்க ‘-டி’ என்ற தெரிவு உண்டு. தமிழில் ‘ஜார்ஜ்டவுன்’ என்று சேர்த்து எழுதுவதுண்டு. ஆங்கிலத்தில் அது இரண்டு சொல், நடுவில் இடைவெளி.

ஜிசிசி -டிஊர்="ஜார்ஜ் டவுன்" நிரல்.சி

இடைவெளிச் சிக்கல் தீர்ந்தது. ஆனாலும் பிழை வருகிறது: ‘ஜார்ஜ்’ அறிவிக்கப்படவில்லை. ஏன்? ஷெல் மேற்கோள்குறியை நீக்கிவிட்டது. சி மொழியில் ஒரு சொற்சரத்திற்கு அதற்கே உரிய இரட்டை மேற்கோள்குறி தேவை. அது இல்லாததால் கம்பைலர் ‘ஜார்ஜ்’ என்பதை ஒரு மாறியின் பெயராகப் படிக்கிறது. இங்கே இரண்டு வாசகர்கள். இருவருக்கும் தனித்தனிக் குறி வேண்டும்:

ஜிசிசி -டிஊர்='"ஜார்ஜ் டவுன்"' நிரல்.சி

வெளியே உள்ள ஒற்றைக் குறியை ஷெல் எடுத்துக்கொள்ளும். உள்ளே உள்ள இரட்டைக் குறி பத்திரமாகக் கம்பைலரிடம் போய்ச் சேரும்.

‘மேக்’ என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தினால் மூன்றாவது வாசகரும் வந்துவிடுவார். பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய கருவி அது. டாலர் குறியை ஷெல்லுக்கு முன்பே மேக் எடுத்துக்கொள்ளும். அதனால் ஷெல் மாறியைக் குறிக்க $$ என்று இரண்டு முறை போட வேண்டும். கோப்புப் பட்டியலில் மேற்கோள்குறி போட்டாலும் மேக் மதிக்காது, இடைவெளியில் பிரித்தே தீரும். என் கருத்தில், மேக் பயன்படுத்தும் திட்டத்தில் கோப்புப் பெயரில் இடைவெளியே வேண்டாம். அடிக்கோடு போடுங்கள்.

சரி, எந்த வாசகரிடம் சிக்கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகிக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ‘மேக் -என்’ என்று ஓட்டினால், கட்டளைகளைச் செய்யாமல், ஷெல்லுக்குப் போகவிருக்கும் வரிகளை மட்டும் அது காட்டும். ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் ‘செட் -எக்ஸ்’ சேர்த்தால், ஷெல் வெட்டி முடித்த ஒவ்வொரு கட்டளையும் முன்னால் கூட்டல் குறியோடு திரையில் வரும். ஜிசிசியிடம் -### என்று கேட்டால், தான் உள்ளே எந்தெந்த நிரல்களை எந்த ஆர்குமென்டுகளோடு அழைக்கும் என்பதைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அறிவியல் கூடத்தில் செய்வதுபோல ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மேற்கோள்குறியைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

வாட்சாப்பிலோ வேர்டிலோ இருந்து கட்டளையை நகலெடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே மேற்கோள்குறி வளைந்துவிடும். இரண்டு சிறுகோடுகள் சேர்ந்து ஒரு நீண்ட கோடாகிவிடும். ஷெல்லுக்கு வளைந்த குறி ஏதோ ஒரு சாதாரண எழுத்துதான். மேற்கோள்குறியை உங்கள் விசைப்பலகையில் நீங்களே தட்டுங்கள்.

மேற்கோள்குறியால் தீராத ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரைக் கோப்புக்கு வைத்தால், நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ வரும். அந்தச் சாய்கோடு கோப்புறைகளைப் பிரிக்கும் குறி. ‘பெயர் ஏ’ என்ற கோப்புறைக்குள் மீதிப்பெயரைத் தேடு என்று ஆகிவிடும். எத்தனை மேற்கோள்குறி போட்டாலும் பயனில்லை. ஏனென்றால் இந்த விதி ஷெல்லுடையது அல்ல, இயங்குதளத்தின் மையத்தினுடையது. லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் சாய்கோடு வரவே முடியாது. பெயரைக் கோப்புக்குள் எழுதுங்கள். கோப்புக்கு வேறு பெயர் வையுங்கள்.

பயிற்சி: பின்வரும் வரியில் ஜிசிசிக்குக் கிடைக்கும் ஆர்குமென்டுகள் எத்தனை?

ஜிசிசி "மழை அளவு.சி" 'வெயில்.சி' -ஓ வா"னி"லை

நான்கு. ஜிசிசி என்ற பெயரையும் சேர்த்து எண்ணுவது சி மொழியின் வழக்கம். அப்படி எண்ணினால் ஐந்து. கடைசித் துண்டு வானிலை என்று ஒரே சொல்லாகப் போகும். ஆறு என்று எண்ணியவர்கள், அந்த நடு மேற்கோள்குறிகளுக்கு முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்று மீண்டும் பாருங்கள்.