பூவுங் கீரையும்: பங்குத் தோட்டம் நடத்தும் முறை

யாழ்ப்பாணத்து ஆசிரியர்களாகிய நமக்குத் தோட்டம் புதிய விஷயமன்று. ஆயினும் பாடசாலை வளவிலே நாம் தொடங்குந் தோட்டங்கள் பெரும்பாலும் மாசியிலே தழைத்து ஆவணியிலே மடிகின்றன. 2022ஆம் வருஷத்து நெருக்கடியிலே, அரசாங்க ஊழியர் பயிர்செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கத் தீர்மானிக்கப்பட்டபோது, ஊர்தோறும் மண்வெட்டிகள் வெளியே வந்தன. அக்காலத்திலே வெட்டப்பட்டு நாம் கண்ட பாத்திகளுட் பலவற்றின்மேல் இப்பொழுது நெருஞ்சி படர்ந்திருக்கின்றது. மண்ணின் குற்றத்தாலோ மழையின் குற்றத்தாலோ அவை மடிந்தனவல்ல. எல்லாருக்கும் உரியது என்று வாயாற் சொல்லி, இன்னாருக்கு இன்ன பங்கு, இன்ன முறை என்று குறியாமல் விட்டமையே காரணம்.

நமது தவறொன்றை முதலிலே சொல்லிவிடுகின்றோம். முன்னர் நாம் கற்பித்த ஒரு பாடசாலையிலே, பிந்தி வரும் பிள்ளைகளுக்குத் தண்டனையாகப் பூஞ்செடிகளுக்கு நீர் வார்க்கும் வேலையைக் கொடுத்தோம். பிந்தி வந்தவர் யாவர்? விடியற்புறத்திலே தாய் தகப்பனோடு தோட்டத்தில் நின்றுவிட்டு ஓடி வருபவரே. ஆகவே, நீர் வார்த்தவர் எப்பொழுதும் அந்த ஆறேழு பிள்ளைகள்; வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூத்தட்டு ஏந்தினவர் எப்பொழுதும் வேறு பிள்ளைகள். ஒருநாட் காலையிலே நந்தியாவட்டைக் கன்றுகளெல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டுக் கிடந்தன. யார் பிடுங்கினாரென்று நாம் விசாரிக்கவில்லை. விசாரித்தற்கு நமக்கு முகமிருக்கவில்லை.

அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்திய சரித்திரத்தை வகுப்பிலே படிப்பித்துக்கொண்டு, வெளியிலே அதே தொண்டைத் தண்டனையாக்கினோம். பிள்ளைகள் இந்த முரணை நம்மினும் விரைவாகக் கண்டுகொள்வார்கள். பெரியபுராணத்திலே முருகநாயனார் திருப்புகலூரிலே விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையுங் கொய்து தொடுத்தார். இளையான்குடிமாறநாயனாரோ, நள்ளிரவு மழையிலே வந்த அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டு, விதைத்த முளைநெல்லை வாரிக்கொண்டுவந்து, முற்றாத கீரையையும் பறித்துக் கொடுத்தார். ஒருவர் கையிலே பூ. ஒருவர் கையிலே கீரை. சேக்கிழார் பெருமான் இவ்விருவருள் ஒருவரை உயர்த்தி ஒருவரைத் தாழ்த்தினாரில்லை. நந்தவனம் வேறு, கறித்தோட்டம் வேறு என்று பிரித்து, முன்னதை மேலானதாகவும் பின்னதைக் கூலிவேலையாகவும் பிள்ளைகளுக்குக் காட்டுதல் தகாது. இரண்டும் ஒரே கிணற்றடியில் இருக்கட்டும்.

பங்கு வகுத்தற்கு மாதிரி தேடி நாம் வேற்றூர் போக வேண்டியதில்லை. குடாநாட்டிலே பங்குக் கிணறுகள் பல. காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்படுதல் யாவருமறிந்தது. துலா மிதித்து இறைத்த காலத்திலும், பின்னர் இயந்திரம் வந்த காலத்திலும், இன்ன நாள் இன்னாருடைய இறைப்பு என்ற முறை தவறினால் அயலாருட் சண்டை மூண்டது. முறை நின்றால் கிணறு தலைமுறை கடந்து நின்றது. அம்முறையையே தோட்டத்திற்குங் கொள்க. பாடசாலைக்கு அடுத்துள்ள அரைப் பரப்பு நிலம் போதும். அயலிலுள்ள எட்டுப் பத்துக் குடும்பங்களைச் சேர்த்துக் குடும்பத்துக்கு ஒரு கீரைப்பாத்தியும், வகுப்புக்கு ஒரு பாத்தியும் அளந்து கொடுக்க. வேலியோரமும் வாய்க்காலோரமும் பொதுவாய் நிற்க, அவற்றிலே பூமரங்களை வைக்க. நீர் முறைக்குரியவரே அன்றைப் பூவுக்கும் உரியவர்: கோயிலுக்கும் பாடசாலைப் பூசைக்கும் அவர் கொண்டுபோய்க் கொடுப்பர், மிஞ்சியது அவர் வீட்டுச் சுவாமியறைக்கு. பூ இவ்வாறு முறையாகச் சுற்றிவரின் களவு தானே குறையும்.

நடத்தக்கவற்றைச் சொல்வோம். அகத்தியை முதலில் வைக்க. அதன் இலை கறிக்கும், பூ கறிக்கும் பூசைக்கும், நிழல் வெற்றிலைக்கொடிக்கும் ஆகும். முருங்கையை வடக்கு வேலியில் வைத்தாற் பாத்திகளை மூடாது. தொட்டி நீர் வழிந்தோடும் இடத்தில் வாழை. உள்ளே முளைக்கீரை, பசளி, பொன்னாங்காணி, பயற்றை, கத்தரி. வல்லாரை ஈரமும் சற்று நிழலும் உள்ள இடத்தையே விரும்பும். வெண்டியைச் செவ்வரத்தைக்கு அருகே வைத்தலாகாது; இரண்டும் ஒரே குடும்பத்தன; ஒன்றிலே பற்றிய வெண்பூச்சி மற்றதற்குச் செல்லும். 2008ஆம் வருஷம் இலங்கையிலே காணப்பட்ட பப்பாசி வெண்பூச்சி செவ்வரத்தையையும் விட்டுவைக்கவில்லை. கொன்றை கோட்டுப்பூ, முல்லை கொடிப்பூ, தும்பை நிலப்பூ. தொட்டியிலே ஒரு தாமரையும் வைத்தால் முருகநாயனார் புராணத்தைப் படிப்பிக்கும் ஆசிரியருக்குக் கரும்பலகை வேண்டியதில்லை.

பொன்னலரி விஷயத்திலே நாம் கண்டிப்பாக இருக்கின்றோம். மஞ்சட்பூவைச் சுவாமிக்கு விரும்பி வளர்ப்போர் பலர். ஆனால் அதன் விதை இருதயத்தைத் தாக்குங் கொடிய நஞ்சு, செவ்வலரிக்கும் நஞ்சுண்டு. சிறுபிள்ளைகள் கீரை பறிக்கும் இடத்திலே இவற்றை வைத்தல் ஆகாது. முன்னரே நின்றால் அகற்றிவிடுக. பூவுக்குப் பஞ்சமில்லை, நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் வருஷம் முழுவதும் பூக்கும்.

பூவை நாடோறும் பறிக்கின்றோம்; கீரையை வாரத்துக்கு ஒருமுறை. ஆதலால் இத்தோட்டத்திலே பூச்சிநாசினி தெளித்தற்குத் தக்க நாளே இல்லை. 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லீற்றர் நீரிலே ஓரிரவு ஊறவைத்து வடித்துத் தெளிக்க. செயற்கை உரத்தையும் தவிர்க்க வேண்டும். நமது கிணற்றுநீர் என்பது மழைநீர் சுண்ணக்கல்லின் பிளவுகளிலே புகுந்து, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதேயாம். மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். மிகுதியாக உரமிட்டால் நைத்திரேற்றுக் கீழிறங்கும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமே நைத்திரேற்றின் எல்லையென்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்க, குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பல அதைக் கடந்துள்ளன. கைக்குழந்தைக்கு அது ஆபத்து. நம் முன்னோர் ஆட்டெருவும் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தார்கள். பாத்தியின்மேற் பொச்சுமட்டை பரப்பினால் நீர்ச்செலவு நன்றாகக் குறையும்.

இனி ஒன்று. பங்குத் தோட்டத்துக்கு அயலாரைச் சேர்க்கும்போது, சிலர் நம்மிடம் தனியே வந்து மெல்லிய குரலிலே ஒரு கேள்வி கேட்பார்கள்: "இன்ன வீட்டாரும் கிணற்றிலே அள்ளுவார்களோ?" கோயிற்பிரவேசங் குறித்து 1968ஆம் வருஷம் மாவிட்டபுரத்திலே நிகழ்ந்த போராட்டத்தை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். சட்டம் முடிவுசெய்த விஷயத்தை மனம் இன்னும் முடிவுசெய்யவில்லை. ஆசிரியர் இக்கேள்விக்கு மழுப்பி விடைசொன்னால், பத்துக் குடும்பம் ஐந்தாகும். ஐந்து பின்னர் ஒன்றாகும். "அள்ளுவார்கள், அவர்கள் வார்த்த நீரிலே பூத்த பூவே கோயிலுக்கும் போகும்" என்று முதனாளே சொல்லிவிடுக. அதனால் விலகுவோர் விலகட்டும். நாம் சொன்னபோது இரண்டு குடும்பங்கள் விலகின. அடுத்த மழைக்கு முன் ஒன்று திரும்பி வந்தது. மற்றையது வரவில்லை.

பிள்ளைகளிடமும் அவ்வாறே. முறைப்பட்டியல் பெயரின் அகரவரிசைப்படி ஓடவேண்டும். ஆணும் பெண்ணும், தலைமையாசிரியர் மகனும், நாமும் அதில் இருக்கவேண்டும். தண்டனை வேறெதாகிலும் ஆகுக.

விடுமுறையே இறுதிச் சோதனை. மார்கழி விடுமுறையிலே மழை காக்கும். ஆவணி விடுமுறையிலே சோளகக்காற்று வீசி இரண்டு நாளிலே பசளியைச் சருகாக்கும். அயலவரும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடுவர். ஆகையால் ஆடி பிறந்தவுடன் விடுமுறைக்குரிய பட்டியலைத் தனியே எழுதி, ஒரு நாளுக்கு இரண்டு வீட்டாரைக் குறித்து, ஒருவர் வராவிடின் மற்றவர் வார்க்கும்படி செய்க. பட்டியலின் ஒரு பிரதியைக் கிணற்றுக்கட்டிலே ஒட்டுக. மழை வந்து அதைக் கரைக்கும்போது புதியது எழுதலாம்.