கத்தி கற்றுத்தரும் விலைப் பாடம்



மாமல்லபுரம் கடைவீதியில் நம்ம குழு அக்கா ஒருத்தர், பிடியில் சிப்பி பதித்த சின்ன அலங்காரக் கத்தி விற்றார். 300 ரூபாய் சொன்னதை, "நானே செஞ்சதுதானே, எடுத்துக்குங்க" என்று 200-க்குக் கொடுத்துவிட்டார். நாமே செய்தது என்றால் விலை கூடணுமா, குறையணுமா?

அலங்காரக் கத்தி சேகரிப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. அவர்கள் பணம் கொடுப்பது இரும்புக்கு மட்டும் அல்ல, கைவேலைக்கு. குடகில் மாப்பிள்ளை இடுப்பில் செருகும் பீச்சேகத்திக்கு அதன் வெள்ளி வேலைப்பாடே மதிப்பு. நம்ம சிவகங்கை மாவட்டத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊர்ப் பெயரே மதிப்பு.

வாங்குபவர் பார்ப்பது: பிடி ஆடாமல் இருக்கிறதா? பதித்த வேலை சுத்தமா? எந்த ஊர், யார் செய்தது? ஊர்ப் பெயரும் குழுப் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று கட்டுங்கள்.

கணக்குப் போடுவோம்:
- தகடு, சிப்பி, பசை – ரூ.60
- கூலி, 3 மணி நேரம் x ரூ.50 – ரூ.150
- கடைச் செலவு, சேதாரம் – ரூ.30
- அடக்கம் – ரூ.240

200-க்கு விற்றால் லாபமும் இல்லை, நம்ம கூலியிலும் 40 ரூபாய் போச்சு!

கவனம்: யானைத் தந்தம், மான் கொம்பில் பிடி போடாதீர்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் (1972) தடுக்கிறது. சில சங்கு, சிப்பி வகைகளுக்கும் 2001 முதல் தடை உண்டு. வனத்துறையில் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் போகிறவரிடம், கத்தியைக் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

குழுவில் பேச: உங்கள் பொருளின் விலையில் உங்கள் கூலி எவ்வளவு?