கடல் தாண்டிய பிள்ளைகள்

கேள்வி: போர்க்காலத்தில் குழந்தைகளை மட்டும் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினார்களாமே, உண்மையா? நம் பக்கம் அப்படி நடந்ததுண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்மைதான். 1940-இல் பிரிட்டன் அரசே பிள்ளைகளைக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது. செப்டம்பர் 17 இரவு ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. அதில் அரசு அனுப்பிய 90 பிள்ளைகளில் 77 பேர் மாண்டனர். கப்பலுக்குப் பெயரோ நம் காசி. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் ஏராளமானோர் மூழ்கினார்கள். அதை யார் நினைக்கிறார்கள்? அத்தோடு அந்தத் திட்டம் நின்றது.

வந்தவர்களை ஏற்ற கதையும் நமக்கு உண்டு. 1942-இல் போலந்துக் குழந்தைகளுக்கு ஜாம்நகர் மன்னர் திக்விஜய்சிங்ஜி பாலாச்சடியில் முகாம் கட்டிக் கொடுத்தார்.

நம் பக்கம் என்றால், 1983-இல் இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்ட பிறகு பாக் நீரிணை. அங்கே அரசுத் திட்டமும் இல்லை, கப்பலும் இல்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சுமார் 30 கிலோமீட்டர். மீன்பிடிப் படகில், பெரும்பாலும் அம்மாவின் மடியில்தான் பிள்ளைகள் வந்தார்கள். வசதியுள்ள வீடுகள் பதின்வயது மகனைத் தனியாக லண்டனுக்கோ கனடாவுக்கோ அனுப்பின.

படகில் வந்தவர்கள் மண்டபம் முகாமில் பதிந்து, மாவட்டங்களுக்குப் பிரிக்கப்பட்டார்கள். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் முகாம்கள் உண்டு. 2021 முதல் அவற்றுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைதான் சிக்கல்: 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குச் சட்டப்படி பிறப்பாலேயே உரிமை உண்டு, பெற்றோர் இருவரும் இலங்கையர் என்றால், அதற்குப் பிறகு பிறந்த தம்பிக்கு அது கிடையாது.