பள்ளிக்கு 'ஒழுங்காக' வருதல்

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாய் நிற்குமாயின், அவற்றுள் எதனைக் கொள்வது என்று துணியும் வழியைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்திற் கூறியுள்ளார். அதனோடு சேரும் வினை, அதனோடு உடன் எண்ணப்படும் இனம், அது சொல்லப்படும் சார்பு என்னும் மூன்றும் பொருளைத் தெளிவிக்கும் என்பது அவர் கருத்து. 'மா காய்த்தது' என்றால் மரம்; 'மாவும் பலாவும்' என்றாலும் மரமே; தேர்ப்பாகன் ஒருவன் 'மாவைக் கொண்டு வா' என்பானாயின் அது குதிரை. இவ்விதியைக் கற்ற நாளில், பரீட்சைக்கன்றி வேறெதற்கும் இது பயன்படாது என்றே யாம் எண்ணியிருந்தோம். பின்னர் இங்கிலாந்து தேசத்து வழக்கொன்றைப் படிக்க நேர்ந்தது. தந்தை ஒருவர் குற்றவாளியா, அல்லரா என்னும் வினா முழுவதும் அங்கே ஒரு சொல்லின் பொருளைப் பற்றியே நின்றது.

இங்கிலாந்தின் தென்கரையை அடுத்து வைட் என்னும் தீவு உளது. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அத்தீவினர் ஒருவர், பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கையிலேயே, தம் இளம் மகளை அமெரிக்காவிலுள்ள புளோரிடாவுக்கு உல்லாசப் பயணமாக அழைத்துச் சென்றார். முன்னரே விடுப்புக் கேட்டார், தலைமையாசிரியர் மறுத்தார், மறுத்த பின்னும் சென்றார். பள்ளிநாட்கள் ஏழு கழிந்தன. உள்ளூர் ஆட்சிமன்றம் அந்நாட்டு நாணயத்தில் 60 பவுன் தண்டம் விதித்தது. செலுத்தாமையால் அது 120 பவுன் ஆயிற்று. அதனையும் அவர் செலுத்தாராக, வழக்கு எழுந்தது.

பள்ளியிற் பதிவு பெற்ற பிள்ளை அங்கே ஒழுங்காக வரத் தவறுமாயின் பெற்றோர் குற்றமுடையராவர் என்று அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 444-ஆம் பிரிவிற் கூறுகின்றது. ஆங்கிலச் சட்டத்திலுள்ள சொல் 'ரெகுலர்லி' என்பது. அதனை 'ஒழுங்காக' என்று யாம் தமிழாக்கினோம். வியப்பு என்னவெனில், அவ்வாங்கிலச் சொல்லில் உள்ள மயக்கம் எம் தமிழ்ச் சொல்லிலும் அப்படியே உளது. 'அவன் ஒழுங்காகக் கடிதம் எழுதுகிறான்' என்றால் இடைவெளி மாறாமல் எழுதுகிறான் என்றும் பொருள்படும். போதிய அளவு எழுதுகிறான் என்றும் பொருள்படும். 'ஒழுங்காக நட' என்று தாய் தன் மகனைக் கடிந்துகொள்ளும்போதோ, விதிக்குக் கட்டுப்பட்டு நட என்பதன்றி அதற்கு வேறு பொருள் இல்லை.

அத்தந்தையார் இரண்டாவது பொருளைப் பற்றிக்கொண்டார். தம் மகள் நூற்றுக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல் வந்திருக்கிறாள். அது ஒழுங்கான வருகை அன்றோ என்றார். மாஜிஸ்திரேட்டுகள் அதனை ஏற்றனர். 2016-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றமும் ஏற்றது. ஆயின், 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஐவரும் ஒருமுகமாக அதனை மறுத்தனர். ஹேல் பெருமாட்டியார் எழுதிய அத்தீர்ப்பு மேற்கூறிய மூன்று பொருள்களையும் ஒவ்வொன்றாய் எடுத்து ஆராய்ந்து, பள்ளியின் விதிப்படி வருதலே ஒழுங்காக வருதல் என்று மூன்றாவதனைத் துணிந்தது. வழக்கு மீண்டும் கீழ்மன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவர் குற்றவாளி எனத் தீர்ந்தது.

தொல்காப்பியர் வகுத்த வழியில் நோக்கினும் இப்பொருளே அமையும் என்பது எம் கருத்து. அப்பிரிவில் விலக்குகள் சில எண்ணப்படுகின்றன: பள்ளியார் விடுப்பு அளித்த நாள், பிள்ளை நோயுற்ற நாள், தவிர்க்கலாகாத காரணம் நேர்ந்த நாள், பெற்றோர் சார்ந்த சமயத்தார் வழிபாட்டுக்கென ஒதுக்கிய நாள். போதிய நாள் வந்தாற் போதும் என்பதே சட்டத்தின் கருத்தாயின், ஒரு நாளைத் திருநாளுக்கென்று இத்துணை நுணுக்கமாக விலக்கி வைக்க வேண்டுவதில்லையே! இஃது இனத்தாற் பொருள் தெளிதல். சார்பும் அவ்வாறே. 1927-ஆம் ஆண்டிலேயே, பியானோ பயிற்சிக்காகப் பள்ளி நேரத்திற் பிள்ளையை வெளியே அழைத்துச் சென்ற பெற்றோர்மீது வந்த வழக்கில், அது குற்றமே எனத் தீர்ப்பாயிற்று. கல்வியைப் பரப்புதற்கென எழுந்த 1944-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்த எண்ணியிருக்கும் எனல் பொருந்தாது.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் முடிந்தது. ஆனால் சொல்லுக்குப் பொருள் கண்டதனாலேயே நியாயம் முழுவதும் கண்டோம் என்று சொல்ல எம் நா எழவில்லை.

பள்ளிக் காலத்திற் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல் ஆகாய விமானத்தோடு வந்த பழக்கம் அன்று. பீர் வடிப்பதற்குரிய ஹாப் என்னும் கொடியின் பூக்களைப் பறிக்க, லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதி ஏழைகள் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்திற் குடும்பத்தோடு கெண்ட் நாட்டுக்குச் செல்வர். அதுவே அவர்களுக்குக் கூலி. அதுவே அவர்கள் ஆண்டில் ஒருமுறை காணும் நல்ல காற்றும் வெளியும். 1880-ஆம் ஆண்டிற் கட்டாயக் கல்வி நாடு முழுவதும் வந்த பின்னரும் அவர்கள் போயினர். பள்ளியின் பெஞ்சுகள் வெறுமையாய்க் கிடந்தன. அவ்வேழைகளை ஒழுங்கற்றவர் என்று கூற யாம் துணியோம்.

இக்காலத்திலும் செய்தி பெரிதும் மாறிற்றில்லை. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் வரையில், தனிச் சூழ்நிலைகளில் ஆண்டொன்றுக்குப் பத்துப் பள்ளிநாள் வரை குடும்ப விடுமுறைக்கு விடுப்பு அளிக்கும் உரிமை இங்கிலாந்தில் தலைமையாசிரியருக்கு இருந்தது. பின்னர், மிக அருமையான காரணம் இருந்தாலன்றி அளித்தலாகாது என விதி இறுகிற்று. பள்ளி மூடிய நாளில் எல்லாக் குடும்பமும் ஒருங்கே புறப்படுதலால் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் ஏறிவிடுகின்றன. செல்வர்க்கு அஃது ஒரு பொருட்டன்று. அவர் தண்டத்தையும் பயணச் செலவோடு சேர்த்து எண்ணிவிடுவார். தண்டமோ தாய்க்குத் தனியே, தந்தைக்குத் தனியே, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனியே விதிக்கப்படுவது. இரண்டு பிள்ளைகளையுடைய கூலியாளனுக்கு அது பயணத்தையே தடுத்துவிடும். ஒரே தொகையாயினும் இருவர் தோளிலும் அது ஒரே எடையாய் இருப்பதில்லை.

எம் வாழ்விலும் இத்தகைய நாட்கள் ஆறு உள. எம் தந்தையார் துணிக்கடையொன்றிற் கணக்கெழுதுபவர். முகூர்த்த நாட்களிலும் பண்டிகைக் காலங்களிலும் அவருக்கு விடுப்பென்பது இல்லை. கோடையும் அவற்றுள் அடங்கிப் போயிற்று. யாம் ஐந்தாம் வகுப்பிற் படிக்கையில், வியாபாரம் மந்தமாயிருந்த ஜூலை மாதத்தில், ஆறு நாள் விடுப்புப் பெற்று எங்களைக் கன்னியாகுமரிக்கு அழைத்துச் சென்றார். மீண்டு வந்தபோது, வெவ்வேறு பகுதிகளையுடைய பின்னங்களைக் கூட்டும் பாடம் நடந்து முடிந்திருந்தது. எமக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியையார் மூன்று நாள் நண்பகலில் எம்மைத் தனியே இருத்தி அப்பாடத்தைக் கற்பித்தார். அவருடைய சோற்றுப் பாத்திரம் மேசைமேல் திறவாமலே இருந்ததை இன்றும் மறந்தோமில்லை. வராத பிள்ளையால் வந்த பிள்ளைகளின் படிப்பும் இடையூறுபடும் என்று ஹேல் பெருமாட்டியார் எழுதிய இடத்தைப் படிக்கையில் எமக்கு நினைவு வந்தது அப்பாத்திரமே.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். முழங்காலளவு அலையில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றுகொண்டு எம் தந்தையார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அவ்வாறு சிரித்ததை அதற்கு முன் யாம் கண்டதில்லை. அந்நாட்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னப் பாடத்தைப் பெற்றுக்கொள் என்று எவரேனும் கூறினால் யாம் இசையோம். கற்பித்தவர்க்கு நேர்ந்த பசியும் பொய்யன்று; அச்சிரிப்பும் பொய்யன்று.

தண்டத்தை உயர்த்துதலினும் நாட்காட்டியைத் திருத்துதலே தக்கது என்று எமக்குத் தோன்றுகின்றது. பிரெஞ்சு தேசத்தார் தம் நாட்டை மூன்று மண்டலமாகப் பகுத்து, குளிர்கால விடுமுறையையும் வசந்தகால விடுமுறையையும் மண்டலந்தோறும் வேறுவேறு வாரங்களில் தொடங்குமாறு அமைத்துள்ளனர். லியோன் நகரத்துப் பிள்ளைகள் ஒரு மண்டலம். மார்செய் நகரத்தார் வேறொன்று. பாரிஸ் நகரத்தார் மற்றொன்று. எல்லாரும் ஒரே வாரத்தில் மலைக்கும் கடற்கரைக்கும் முந்தும் நெருக்கடி அதனாற் குறையும். ஜெர்மானியரும் தம் பதினாறு மாநிலங்களின் கோடை விடுமுறையை இவ்வாறே முன்பின்னாக வைத்துள்ளனர். நாட்காட்டி வேறுபட்டாலும் எம் தந்தையார் போன்றவர்க்கு முதலாளி விடுப்பு அளித்தாலன்றிப் பயனில்லை என்பதனையும் மறத்தலாகாது.

இங்கிலாந்தோ 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலிருந்து தண்டத்தை 80 பவுனாக உயர்த்திற்று. இருபத்தொரு நாளுக்குள் செலுத்தாவிடின் 160. மூன்றாண்டுக்குள் அதே பிள்ளையின்பொருட்டு இரண்டாம் முறையாயின் தொடக்கமே 160.