பாபர் மறவாத நகரம்

பிறந்த ஊரை நினைந்து ஏங்குவோர் உலகிற் பலர். பிறவாத ஊர் ஒன்றைத் தாமே தேடி அடைந்து, தாமே விட்டு நீங்கி, பின்னர் இறுதிக் காலம் வரையில் அதனையே நினைந்து ஏங்கிய வேந்தர் ஒருவர் இருந்தார். அவர் இந்தியாவில் முகலாய ஆட்சியைத் தொடங்கிய பாபர். அந்த ஊர் காபூல் நகரம்.

பாபர் 1483-ஆம் ஆண்டில், மத்திய ஆசியாவிலுள்ள பெர்கானா நாட்டின் தலைநகராகிய ஆண்டிஜானில் பிறந்தார். அவர் தந்தையார் 1494-இல், ஆற்றங்கரைச் செங்குத்தின்மேல் அமைந்திருந்த புறாக்கூடு சரிந்து விழ, அதனோடு வீழ்ந்து உயிர் துறந்தார். பன்னிரண்டு வயதும் நிரம்பாத சிறுவர் அரியணை ஏறினார். அன்று முதல் அவர் உள்ளத்தைக் கவர்ந்து நின்றது காபூல் அன்று. தம் முன்னோராகிய தைமூரின் தலைநகராய் விளங்கிய சமர்க்கந்து. அந்நகரின் மதிலைச் சுற்றி ஆட்களை நடக்கச் செய்து, அது 10,600 காலடி என்று கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறார். 1497-இல் அதனைக் கைப்பற்றினார். நூறு நாளே ஆண்டார். மீண்டும் கைப்பற்றி, 1501-இல் உஸ்பெக்கியர் தலைவன் ஷைபானிகானிடம் இழந்தார். 1511-இல் மூன்றாம் முறையும் அடைந்து, மறு ஆண்டே இழந்தார். வென்ற இன்பத்தினும் இழந்த துன்பமே அந்நகரால் அவர் பெற்றது.

நாடிழந்து மலைநாடுகளில் அலைந்து திரிந்த பாபர், 1504-இல் தெற்கு நோக்கிப் புறப்பட்டபோது அவருடன் இருந்தோர் இருநூற்றுக்கு மேல், முந்நூற்றுக்குள். அவருட் பலர் கையில் தடியூன்றிக் கால்நடையாக வந்தவர்கள். கூடாரங்கள் இரண்டே இருந்தன. அவற்றுள் பாபருக்கு உரியதில் அவருடைய அன்னையார் தங்கினார். வழியில் வேறொரு தலைவனை விட்டு விலகிய வீரர் பலர் வந்து சேர்ந்தமையால் படை பெருகிற்று. அவ்வாண்டிலேயே காபூல் அவர் வசமாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

பாபர் தம் வரலாற்றைத் தாமே துருக்கி மொழியில் எழுதினார். அது பாபர் நாமா எனப்படும். அந்நூலில் காபூலைப் பற்றிய பகுதியைப் படிப்போர், போர்க்களத்தில் வாளேந்தியவர் எழுதியதா இது என வியப்பர். காபூலிலிருந்து ஒரு நாள் சென்றால் பனியே விழாத இடத்தை அடையலாம். இரண்டு மணி நேரம் சென்றால் பனி உருகாத இடத்தை அடையலாம் என்கிறார். கோடையிலும் இரவில் தோலாடையின்றி உறங்க இயலாதாம். திராட்சை, மாதுளை, ஆப்பிள், வாதுமை முதலிய கனிவகைகளை ஒவ்வொன்றாகக் கூறுகிறார். அங்கு இல்லாத புளிப்புச் செர்ரியைக் கன்று வருவித்துத் தாமே வைத்து வளர்த்தார். மலையடிவாரத்தில் மலர்ந்த துலிப் மலர்களின் வகைகளை எண்ணச் செய்தார். முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ இருந்தன. அவற்றுள் ஒன்று ரோஜா மணம் வீசியது என்பதையும் குறிக்க அவர் மறக்கவில்லை.

காபூல் பெரியதொரு வணிக நகரமாகவும் இருந்தது. வடக்கிலிருந்து குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. இந்தியாவிலிருந்து வெண்துணியும் கற்கண்டும் சர்க்கரையும் மருந்து வேர்களும் சென்றன. பத்துக்கு முப்பதும் நாற்பதும் ஊதியம் கிடைத்தாலும் அவ்வணிகர்க்கு மனம் நிறைவதில்லை என்று பாபர் நகையாடுகிறார். பதினொன்றோ பன்னிரண்டோ மொழிகள் அந்நகரில் பேசப்பட்டன.

நகரின் அழகு மட்டுமே பாபரை அதனோடு பிணித்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. 1506-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஹீரத் நகரம் சென்று, கடுங்குளிர் காலத்தில் மலைவழியே காபூலுக்குத் திரும்பினார். பனி வழியை முற்றிலும் மூடிவிட்டது. பத்துப் பதினைந்து பேர் முன்சென்று, மார்பளவு பனியை மிதித்து மிதித்து வழி செய்தனர். அவருள் பாபரும் ஒருவர். ஓரிரவில் சிறு குகை ஒன்று தென்பட்டது. அதனுள் சென்று தங்குமாறு உடனிருந்தோர் வேண்டினர். வீரர்கள் பனியில் நிற்கத் தாம் மட்டும் இனிதே உறங்குதல் முறையன்று என மறுத்த பாபர், வெளியே பனியைத் தோண்டி, அக்குழியிலேயே அமர்ந்திருந்தார். அவர் தலைமேல் நான்கு விரற்கடைப் பனி படிந்தது. பின்னர்ப் பார்த்தபோது, அனைவரும் தங்கும் அளவுக்கு அக்குகை உள்ளே விரிந்திருந்ததாம்! இவ்வாறு உயிரைப் பணயமாக வைத்து அவர் வந்து சேர்ந்தபோது, காபூலில் உறவினர் சிலரே அவருக்கு எதிராகக் கிளர்ந்திருந்தனர். பாபர் கிளர்ச்சியை அடக்கி, உறவினரை மன்னித்தார். தாம் பிறந்த நாட்டில் ஓரிடத்தும் நிலைத்திருக்க இயலாத அவருக்கு, இருபத்தோராண்டுக் காலம் இல்லமாய் இருந்தது இந்நகரம்.

1525-ஆம் ஆண்டு இறுதியில் பாபர் காபூலிலிருந்து இந்தியாமேற் படையெடுத்துப் புறப்பட்டார். 1526 ஏப்ரலில் பானிபட்டுப் போர்க்களத்தில் இப்ராகிம் லோடியை வென்றார். டெல்லியும் ஆக்ராவும் அவர் வசமாயின. லோடியரின் கருவூலத்தைத் திறந்து பரிசில்களை வாரி வழங்கியபோது, காபூலில் வாழ்ந்த ஆண், பெண், அடிமை, குழந்தை என்னும் வேறுபாடு இன்றி, தலைக்கொரு வெள்ளிக்காசு கிடைக்குமாறு அனுப்பினார்.

வெற்றிக்குப் பின் வந்தது கொடிய கோடை. ஆக்ராவின் மக்கள் அஞ்சி ஓடிவிட்டமையால் வீரர்க்குத் தானியமும் குதிரைகட்குத் தீவனமும் கிடைக்கவில்லை. வெப்பத்தால் பலர் மாண்டனர். படைத்தலைவர்கள் காபூலுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று முணுமுணுத்தனர். பாபர் அவர்களை அழைத்து, பல்லாண்டு உழைத்துப் பெற்ற நாட்டைக் காரணமின்றிக் கைவிட்டு மீண்டும் காபூலின் வறுமைக்குச் செல்வதா என்று கேட்டார். பலர் தங்க இசைந்தனர். அவருடைய உற்ற நண்பரான குவாஜா கலான் மட்டும் போகவே துணிந்தார். போகும்போது, இந்நாட்டை நீங்கும் மகிழ்ச்சியைப் பாட்டாக்கி, டெல்லியில் தம் வீட்டுச் சுவரில் எழுதிவிட்டுச் சென்றார். அதனை அறிந்த பாபருக்குச் சினம் மூண்டது. பிறரைத் தடுத்து நிறுத்திய அவர் உள்ளமும் அதே நகரை நாடியிருந்தமையே அச்சினத்திற்கு ஒரு காரணமாகலாம்.

இந்தியாவில் நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, பனிக்கட்டி இல்லை, குளிர்ந்த நீர் இல்லை என்று பாபர் எழுதிய குறைகள் பெயர் பெற்றவை. அவற்றை எடுத்துக் காட்டுவோர், மழைக்காலக் காற்றையும் எண்ணற்ற தொழில் வல்லாரையும் அவர் பாராட்டியதைக் கூறாது விட்டுவிடுகின்றனர். குறை கூறியதோடு அவர் நிற்கவுமில்லை. தோட்டம் அமைக்க விரும்பி யமுனைக் கரையைச் சென்று பார்த்தார். நிலத்தின் பொலிவின்மை கண்டு மனம் வெறுத்துத் திரும்பினார். எனினும் வேறு நல்ல இடம் கிட்டாமையால், சில நாளில் அவ்விடத்தையே திருத்தத் தொடங்கினார். முதலிற் பெருங்கிணறு ஒன்று வெட்டுவித்தார். புளியமரங்கள் நின்ற இடத்தைச் சீர்ப்படுத்தி எண்கோணக் குளம் அமைத்தார். வெந்நீர்க் குளியல் மாளிகையும் மலர்ப் பாத்திகளும் பின்னர் எழுந்தன. அவர் தலைவர்களும் அங்கே மனைகளும் தோட்டங்களும் அமைத்தனர். இத்தகைய ஒழுங்கமைப்பை முன்பு கண்டிராத ஆக்ரா மக்கள், யமுனையின் அக்கரைக்குக் காபூல் என்றே பெயரிட்டு வழங்கினர்.

ஆயினும் பெயரால் அமைந்த காபூல் பிரிவாற்றாமையைத் தீர்த்துவிடவில்லை. 1529 பிப்ரவரியில், காபூலிலிருந்த குவாஜா கலானுக்கு, முன்பு சினந்த அதே நண்பருக்கு, பாபர் நீண்டதொரு கடிதம் எழுதினார். அரசுப் பணிகள் நிறைந்த கடிதம் அது. காபூலின் கோட்டையைப் பழுதுபார்க்க வேண்டும். பள்ளிவாசலையும் சத்திரத்தையும் குளியல் மாளிகையையும் செப்பனிட வேண்டும். தோட்டத்திற்கு நீர் கொணர்ந்து, அழகிய மரங்களும் மணமலர்ச் செடிகளும் நடவேண்டும் என்றெல்லாம் கட்டளைகள் செல்கின்றன. அவற்றினிடையே தம் உள்ளத்தையும் திறக்கிறார். அந்நாட்டின் இனிமைகளை எவ்வாறு மறத்தல் கூடும் என்று கேட்கிறார். அண்மையில் முலாம்பழம் ஒன்று கொண்டுவரப்பட்டதாம். அதனை அறுத்து உண்கையில் நெஞ்சம் நிலைகொள்ளாது கண்ணீர் பெருகிற்றாம். நாற்பத்தாறு வயதுப் பேரரசர் இதனை மறைக்காமல் எழுதுகிறார்.

அவ்வாண்டிலேயே ஆக்ராவின் தோட்டத்தில், பால்க் நாட்டு உழவர் ஒருவரைக் கொண்டு பயிரிட்ட முலாம்பழங்கள் பழுத்தன, திராட்சையும் கனிந்தது. பாபர் பெரிதும் மகிழ்ந்தார். காபூலுக்கு ஒரு முறை சென்றுவர வேண்டும் என்னும் எண்ணம் மட்டும் நிறைவேறவில்லை. 1530 டிசம்பர் 26-ஆம் நாள் ஆக்ராவிலேயே அவர் உயிர் நீத்தார். முதலில் யமுனைக் கரைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின்னர், அவர் விருப்பப்படியே உடல் காபூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, மலைச்சரிவில் அவர் விரும்பிய தோட்டமொன்றில் அடக்கப்பட்டது. 1607-இல் கொள்ளுப்பேரர் ஜஹாங்கீர் அங்குச் சென்று வணங்கினார். அவர் மகன் ஷாஜகான் அருகே வெண்பளிங்குப் பள்ளிவாசல் ஒன்று எழுப்பினார்.

1990-களில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் அத்தோட்டம் பாழ்பட்டது, மரங்கள் அழிந்தன. 2002-க்குப் பின் ஆகாகான் பண்பாட்டு அறக்கட்டளையின் முயற்சியால் சுற்றுமதிலும் படியடுக்குகளும் நீர்வழியும் மீண்டும் கட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. பாபரின் கல்லறைமேல் கூரை வேயப்படவில்லை. குளிர்காலத்தில் காபூலின் பனி அதன்மேல் விழுகிறது.